நிக்கான் டி7200 நீண்ட நாள் பயன்பாடு: படம் ஏன் சொதப்புகிறது, எதைத் திருப்பினால் சரியாகிறது

டி3100 போன்ற தொடக்க நிலை பாடியிலிருந்து (லென்ஸ் தவிர்த்த கேமரா உடல்) டி7200க்கு மாறுகிறவர்கள் முதல் மாதத்தில் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: பழைய கேமராவிலேயே படம் இதைவிடத் தெளிவாக இருந்தது. புகார் பொய்யில்லை. பழையதில் 14 மெகாபிக்சல், இதில் 24. படத்தை லேசாக மழுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் இதன் சென்சார் முன்னால் கிடையாது. கை நடுங்கினாலும், ஃபோகஸ் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தாலும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். 2015இல் வந்த பாடி இது. இன்று பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க வேண்டும். ஆனாலும் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்பவருக்கு இது இன்னும் நல்ல பள்ளிக்கூடம். முக்கியமான அமைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டன் இருக்கிறது, மெனுவுக்குள் மூழ்கித் தேட வேண்டியதில்லை.

முதலில் வ்யூஃபைண்டரின் வலது ஓரத்தில் உள்ள சின்னத் திருகைச் சரிசெய்யுங்கள். காட்சியைப் பார்க்காமல், உள்ளே தெரியும் எண்களும் ஃபோகஸ் கட்டமும் கூர்மையாகத் தெரியும் வரை திருப்ப வேண்டும். பையில் உரசி இது தானாகவே நகரும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் இங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கை பட்டு நகர்ந்து குழப்பும் இடங்கள் இன்னும் மூன்று. லென்ஸ் மவுண்ட்டின் இடப்பக்கம் கீழே உள்ள நெம்பு 'எம்' பக்கம் போய்விட்டால் ஆட்டோஃபோகஸ் மொத்தமாக நின்றுவிடும். லென்ஸில் உள்ள ஏ/எம் சுவிட்சும் அதே வேலையைச் செய்யும். பின்பக்க மல்டி செலக்டரைச் சுற்றியுள்ள வளையம் 'எல்' குறியில் நின்றால் ஃபோகஸ் புள்ளி அசையாது. பூட்டு திறந்திருந்தும் அசையவில்லை என்றால் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) தூங்கியிருக்கும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி எழுப்பிவிட்டு நகர்த்துங்கள்.

இனி ஃபோகஸ். இந்த பாடியின் மதிப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது, கெட்டுப்போகும் படங்களில் பாதிக்கு மேல் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மவுண்ட் அருகே சொன்ன நெம்பின் நடுவில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டு பின் டயலைத் திருப்பினால் ஏஎஃப்-எஸ் (ஒருமுறை ஃபோகஸ் செய்து நிற்பது), ஏஎஃப்-சி (விடாமல் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது) மாறும். முன் டயலைத் திருப்பினால் புள்ளிகளின் பரப்பு மாறும். மொத்தம் 51 புள்ளிகள். ஆனால் 51ம் சமமில்லை. நடுவில் உள்ள 15 மட்டுமே கிராஸ் வகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிப்பவை. ஓரத்துப் புள்ளிகள் ஒரு திசைக் கோட்டை மட்டும் பிடிப்பதால் மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கோயில் மண்டபத்தில் ஓரப் புள்ளியை வைத்துப் போராடுவதைவிட நடுப்பகுதிப் புள்ளியால் எடுத்துப் பிறகு கிராப் செய்வது மேல். இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் கேமரா விளக்கும் ஏஎஃப்-எஸ்ஸில், அதுவும் நடுப்புள்ளி அல்லது ஆட்டோ ஏரியாவில் (புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுப்பது) மட்டுமே எரியும்.

ஆட்டோ ஏரியாவைப் பழக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அருகில் இருப்பதையே அது பிடிக்கும். முகத்தை விட்டுக் கழுத்திலுள்ள பூமாலையில் ஃபோகஸ் விழும். அசையாத பொருளுக்கு ஏஎஃப்-எஸ், ஒற்றைப் புள்ளி. ஓடும் குழந்தைக்கும் பறக்கும் பறவைக்கும் ஏஎஃப்-சி, டைனமிக் 9 (தேர்ந்த புள்ளிக்குச் சுற்றியுள்ள புள்ளிகளும் துணை நிற்கும்). டைனமிக் 21ம் 51ம் வெறும் வானப் பின்னணியில் சரி. இலைகளும் கிளைகளும் இருந்தால் பறவையை விட்டுக் கிளைக்குத் தாவும். 3டி டிராக்கிங் நிறத்தை வைத்துத் தொடர்வதால் சிவப்புச் சட்டைக்காரரைப் பச்சைப் புல்வெளியில் அழகாகத் துரத்தும். காய்ந்த புல்லில் பழுப்புப் பறவையைக் கொடுத்தால் தொலைத்துவிடும்.

ஏஎஃப்-சியில் ஒரு பொறி இருக்கிறது. கஸ்டம் மெனுவின் ஏ1 என்ற அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே 'ரிலீஸ்' என்று வைக்கப்பட்டிருக்கும். அதாவது ஃபோகஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் பட்டன் அழுத்தியவுடன் படம் விழும். தொடக்கத்தில் அதை 'ஃபோகஸ்' என்று மாற்றிவிடுங்கள். கை பழகிய பிறகு, ஒரு நொடியைக்கூட இழக்க முடியாத காட்சிக்கு 'ரிலீஸ்' வைத்துக்கொள்ளலாம். பின்பக்க ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் (ஃபோகஸ் செய்யும்) வேலையைக் கொடுப்பதும் அப்போது செய்யலாம். அதற்குப் பிறகு ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகாது என்பதை, கேமராவை இரவல் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும், எஃப்1.8 என்று அப்பர்ச்சரை (லென்ஸ் துளையை) அகலத் திறக்கும்போது கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வந்தால் ஏஎஃப் ஃபைன் டியூன் (ஃபோகஸ் விழும் இடத்தை நுணுக்கமாகத் திருத்துவது) தேவைப்படலாம். ட்ரைபாடில் வைத்து, குவிய நீளத்தைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு தூரத்தில், 50 மிமீக்கு 2.5 மீட்டரில், எழுத்து அச்சிட்ட தாளை நேராக நிறுத்துங்கள். பகல் வெளிச்சம் வேண்டும். லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து படம். அந்த ஐந்தையும்விட லைவ் வ்யூ படம் கூர்மையாக இருந்தால்தான் திருத்தம் தேவை. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் கூட்டல் பக்கம், பின்னால் விழுந்தால் கழித்தல் பக்கம். எல்லை 20 வரை. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் தவறு கையிலோ வெளிச்சத்திலோ இருக்கிறது, ஃபைன் டியூன் அதைத் தீர்க்காது. ஜூம் லென்ஸுக்கு ஒரே ஒரு எண்தான் கொடுக்க முடியும் என்பதால் அதிகம் பயன்படுத்தும் முனையை வைத்து முடிவெடுங்கள்.

ஷட்டர் வேகத்துக்கு வருவோம். குவிய நீளத்தின் தலைகீழ் (50 மிமீக்கு 1/50 நொடி) என்ற பழைய ஃபிலிம் காலக் கணக்கு இங்கே போதாது. சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் காட்சி 1.5 மடங்கு நெருங்கித் தெரியும், அதோடு 24 மெகாபிக்சல், இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மிமீக்கு 1/100, 200 மிமீக்கு 1/400. லென்ஸில் விஆர் (அதிர்வு குறைப்பு) இருந்தால் இறங்கலாம், ஆனால் விஆர் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், குழந்தையின் தலையசைப்பை அல்ல.

இதைக் கேமராவிடமே விட்டுவிட ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) இருக்கிறது. உச்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் 'ஆட்டோ', அதற்குள் 'ஃபாஸ்டர்' பக்கம் ஒரு படி. பலருக்குத் தெரியாத சங்கதி: பெரும்பாலும் நீங்கள் கையால் வைத்த ஐஎஸ்ஓதான் ஆட்டோவின் தரை. நேற்றிரவு 1600 வைத்து மறந்துவிட்டால், இன்று நண்பகல் வெயிலிலும் 1600க்குக் கீழே எளிதில் இறங்காது. காலையில் கேமராவை எடுத்ததும் 100க்குத் திருப்பிவிடுங்கள். எம் (மேனுவல்) மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டால் ஷட்டரும் அப்பர்ச்சரும் உங்கள் கையில், வெளிச்சக் கணக்கு கேமராவிடம். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனும் (படத்தை வேண்டுமென்றே வெளுப்பாகவோ இருட்டாகவோ வைப்பது) வேலை செய்யும். பறவைக்கு இதுவே வசதி: 1/2000, எஃப்5.6, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னும். கல்யாண மண்டபத்தில் 1/250 வைத்துத் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு என்று வரும். சில படங்களில் குறுக்கே பட்டை விழும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டில் படங்களுக்கு ஃப்ளிக்கர் (விளக்கு மின்னல்) திருத்தம் இந்த பாடியில் இல்லை.

இந்த சென்சாரின் பெரிய பலம் நிழல். ஐஎஸ்ஓ 100இல் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் இருட்டுப் பகுதியை மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் வெளிச்சம் இரட்டிப்பு) வரை தயங்காமல் தூக்கலாம். வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளும் மீட்காது. ஆகவே வெயிலில் வெள்ளை வேட்டிக்கும் மேகத்துக்கும் காம்பென்சேஷனை மைனஸ் 0.7 அளவில் வையுங்கள். ப்ளேபேக் மெனுவில் 'ஹைலைட்ஸ்' தேர்வு செய்யாத வரை வெளுத்த இடங்கள் திரையில் சிமிட்டிக் காட்டாது. மேட்ரிக்ஸ் மீட்டரிங் (காட்சி முழுவதையும் பார்த்து வெளிச்சம் அளப்பது) ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கு அதிக எடை கொடுக்கும். கறுப்பு நாயின் மேல் புள்ளி விழுந்தால் பின்னணி வெளுப்பது அதனால்தான்.

தொடர் படமெடுப்பில் 14 பிட் லாஸ்லெஸ் ரா என்றால் நொடிக்கு 5, பஃபர் (வேகம் குறையாமல் தொடர்ந்து எடுக்க முடிவது) 18 படம். 12 பிட் என்றால் நொடிக்கு 6, பஃபர் 27. ஆழ்ந்த நிழலை வலிந்து தூக்கினால் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பறவைக்கு 12 பிட் போதும். நிழலை நிறையத் தூக்க வேண்டிய இயற்கைக் காட்சிக்கு 14. இரண்டாவது கார்டை 'பேக்கப்' என்று வைத்தால் மெதுவான கார்டின் வேகத்துக்கே இரண்டும் இறங்கும்.

மோட் டயலில் நம் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் யு1, யு2 இரண்டையும் நிரப்பிவிடுங்கள், ஒன்றில் மனிதர்கள், ஒன்றில் பறவை. யு1இல் இருக்கும்போது மாற்றியவை எல்லாம் கேமராவை அணைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். நிலைக்க வேண்டுமானால் செட்டப் மெனுவில் மறுபடி சேமிக்க வேண்டும். தொடர் படமெடுப்பு டயல் இதில் அடங்காது, அது கையால் திருப்புவது.

குறைகள் உண்டு. திரை மடங்காது, தரையோடு எடுக்கப் படுத்தே ஆக வேண்டும். லைவ் வ்யூ ஃபோகஸ் ஆமை. வீடியோவுக்கு இதை வாங்க வேண்டாம். பின்னால் 2017இல் வந்த டி7500 திரையை மடக்கியது, வேகத்தை நொடிக்கு 8 படமாக்கியது. ஆனால் இரண்டாவது கார்டு ஸ்லாட்டைப் பிடுங்கிக்கொண்டது.

கடலோர ஊர்க்காரர்கள் லென்ஸைத் தோல் பையில் அடைத்து வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அது விருந்து. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டால் லென்ஸ் வியர்க்காது. சென்சார் தூசி எஃப்16இல் வானத்தை எடுத்தால் தெரியும். செட்டப் மெனுவில் மிரரைத் தூக்கி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் அல்ல. பேட்டரி குறைவாக இருந்தால் அந்த மெனுவே திறக்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது சொந்தமாக ஒரு கார்டும், 50 மிமீ எஃப்1.8டி போன்ற மோட்டார் இல்லாத லென்ஸும் எடுத்துச் செல்லுங்கள். பாடிக்குள் இருக்கும் ஃபோகஸ் மோட்டார் ஓடுகிறதா என்பது அதில்தான் தெரியும். அப்பர்ச்சர் வளையத்தை எஃப்22இல் பூட்டவில்லை என்றால் 'எஃப்இஇ' என்று பிழை காட்டும், அது பழுதல்ல. இரண்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பாருங்கள். எடுத்த ஜேபெக்கின் எக்சிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் கேமரா பதிவது) ஷட்டர் எண்ணிக்கை இருக்கும். நிக்கான் சோதித்தது 1,50,000 வரை. கட்டைவிரல் படும் ரப்பர் கிளம்பியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஒட்டிக்கொள்ளலாம்.