கட்டைகளில் கட்டிய தாமஸ் ரயில்

கட்டைகளைப் பொருத்தித் தாமஸ் என்ற கதை ரயில் எஞ்சினைக் கட்டும் இந்தப் பொம்மைப் பெட்டியைப் பையனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், ஆனால் பெட்டியைப் பிரித்ததிலிருந்து கடைசிச் சக்கரம் மாட்டும் வரை அவனைக் கிட்டே விட்டேனா என்றால் இல்லை. நீல உடம்பு, பக்கத்தில் மஞ்சள் 1, ஆறு சக்கரம், குட்டைப் புகைபோக்கி, எல்லாம் சரியாக வந்திருக்கிறது.

1946-இல் ஆங்கில எழுத்தாளர் ஆட்ரியின் குழந்தைகள் கதைக்கு தாமஸை வரைந்தபோது, இ2 என்ற நிஜமான பிரிட்டிஷ் நீராவி எஞ்சினைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். தண்ணீர்த் தொட்டி கொதிகலனின் இரண்டு பக்கமும் ஒட்டியே இருக்கும், பின்னால் தனி வண்டி கிடையாது. அந்தத் தொட்டிகளைத்தான் ரசித்துச் செய்திருக்கிறார்கள், கட்டையைப் படுக்க வைத்துப் பொருத்துவதால் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டும் குமிழ் ஒன்றுகூட மேலே தெரியாமல் வழவழவென்று நிற்கிறது. நடுச் சக்கரங்களுக்குத் தண்டவாளத்தைப் பிடிக்கும் விளிம்பு இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், மூன்று ஜோடிக்கும் விளிம்பு இருந்தால் வளைவில் இறுகிக்கொண்டு தடம் புரளும்.

சொதப்பல் முகத்தில்தான். அச்சடித்துத் தராமல் ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் உருண்டையான கட்டையில் ஒட்ட வேண்டும், நான் ஒட்டியதில் ஒரு கண் மேலே ஒரு கண் கீழே. "தாமஸுக்குத் தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டான். உரித்தால் கிழியும். அப்புறம், கையேட்டில் கறுப்பும் கருநீலமும் ஒரே மாதிரி இருக்கிறது, இரவு விளக்கில் கட்டி இரண்டு தடவை பிரித்தேன்.

இருந்தாலும் வாங்கலாம். ஸ்டிக்கரை மட்டும் கை நடுங்காதவரிடம் கொடுத்துவிடுங்கள்.