கார் மிச்சப்படுத்தியது, அடுப்பு மிச்சப்படுத்தவில்லை: 27 மாத மின்சார அனுபவம்

2023 அக்டோபரில் எங்கள் பழைய 1.5 லிட்டர் மைவி பெட்ரோல் காரை விற்றுவிட்டு, ஒரு லட்சம் ரிங்கிட்டை ஒட்டிய விலையில் பிவைடி டால்பின் மின்காரை வாங்கினோம். அடுத்து வந்த பொங்கலுக்குள் சமையலறையில் கேஸ் அடுப்பு இருந்த இடத்துக்கு இன்டக்‌ஷன் அடுப்பும் வந்து சேர்ந்தது. எங்களுடையது பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் ஜெயாவில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) உள்ள வரிசை வீடு. என் வேலை பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், இயந்திரப் பராமரிப்புப் பிரிவில். போக வர நாளுக்கு 50 கிலோமீட்டர். கோயில், கடை, பிள்ளையின் டியூஷன் எல்லாம் சேர்ந்தால் மாதம் சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடும். மாறிய நாள் முதல் மின்மீட்டர் எண்ணையும் காரின் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். வீணாகும் ஆற்றல் உண்மையிலேயே குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு அந்தக் குறிப்பேட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

மைவி இருந்த காலத்தில், மழை பெய்த மாலைகளில் நான் வீடு திரும்பியதும் எங்கள் பூனை அதன் பானெட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பெட்ரோலுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி அந்தச் சூட்டுக்குத்தான் போனது என்பது பிறகு கணக்குப் போட்டபோது புரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. பாலத்து நெரிசலில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடித்த மைவி மாதம் 98 லிட்டர், அதாவது ஏறத்தாழ 880 யூனிட் ஆற்றலை எரித்தது. பெட்ரோல் இஞ்சினில் சக்கரம் வரை போய்ச் சேர்வது கால்வாசியோ அதற்கும் குறைவோதான். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடும். டால்பினுக்கு அதே 1,400 கிலோமீட்டருக்குச் சுவர் மீட்டரில் 210 யூனிட் பதிவாகிறது. சார்ஜ் ஏறும்போது இழப்பது, ஏர்கோனுக்கு (குளிர்சாதனத்துக்கு) போவது எல்லாம் இந்த 210-க்குள் அடக்கம். இப்போது பூனை பானெட்டில் படுப்பதில்லை. மீட்டர் பெட்டியின் கீழ் படுக்கிறது.

880 எங்கே, 210 எங்கே என்று மகிழ்ந்து இங்கேயே நிறுத்திவிட்டால் அது அரைக் கணக்குதான். என் வீட்டில் வெளியேறாத வெப்பம் மின்நிலையத்தில் வெளியேறுகிறது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும்தான் உற்பத்தியாகிறது. பேராக்கின் மஞ்சோங்கில் உள்ளதைப் போன்ற நிலக்கரி நிலையங்கள் எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காட்டையோ அதற்கும் குறைவாகவோதான் மின்சாரமாக மாற்றுகின்றன. என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில், பிறையில், 2016-இல் செயல்படத் தொடங்கிய 1,071 மெகாவாட் எரிவாயு மின்நிலையத்தின் கதை வேறு. அங்கே எரிவாயுச் சுழலி வெளியேற்றும் சூட்டைக் கொண்டே நீராவி உண்டாக்கி இரண்டாவது சுழலியையும் ஓட்டுவதால், செயல்திறன் 60 விழுக்காட்டை நெருங்குகிறது. என் 210 யூனிட் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்ததென்றும், கம்பி வழியில் ஏழு விழுக்காடு இழப்பு என்றும் வைத்துக்கொண்டால்கூட எரிபொருள் கணக்கில் சுமார் 565 யூனிட்தான் ஆகிறது. பிறை மாதிரி நிலையத்திலிருந்து வந்தால் 375. இரண்டுமே 880-க்குக் குறைவு. பெட்ரோலைச் சுத்திகரித்து லாரியில் ஏற்றி பெட்ரோல் நிலையத்துக்குக் கொண்டுவரும் ஆற்றல் செலவை நான் சேர்க்கவே இல்லை.

இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு பாலத்து நெரிசலில் கிடைப்பது. மாலை ஆறு மணிக்கு பினாங்குப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது, ஏர்கோன் போட்ட சிறிய பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எரிக்கும். ஏழெட்டு யூனிட் ஆற்றல், ஓர் அடிகூட நகராமல். அதே ஒரு மணி நேரம் நின்றால் டால்பினுக்கு ஏர்கோன் செலவாக ஒரு யூனிட் போகும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுப்பதால், நின்று நின்று போகும் ஓட்டமும் அதற்குப் பெரிய சுமையில்லை. பாயா தெருபோங் வழியாகப் பாலேக் பூலாவ் இறங்கும்போது பேட்டரி விழுக்காடு ஒன்றிரண்டு கூடுவதைப் பார்க்க என் மகளுக்கு இன்னும் சலிக்கவில்லை. அம்மா முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது, "சின்ன வயசுல ஜார்ஜ்டவுன்ல ஓடுன பஸ்ஸும் இப்படித்தான் சத்தமே இல்லாம வந்து நிக்கும்" என்றார். 1961 வரை அங்கே ஓடிய, மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்ட டிராலி பஸ்ஸைச் சொன்னார்.

நெடுஞ்சாலையில் இந்தப் பெருமை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர். மணிக்கு 110-இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் ஆகிறது. 44.9 யூனிட் பேட்டரி ஒரே மூச்சில் போய்ச் சேராது. வழியில் உள்ள தாப்பாவில் நிறுத்தி 40 நிமிடம் சார்ஜ் செய்கிறோம். டீ குடித்து, கழிவறை போய்வர அது சரியாக இருக்கிறது, வரிசை இல்லாத நாளில். அங்கே ஒரு யூனிட் விலை 1.20 ரிங்கிட்டுக்கு மேல். ஆக 100 கிலோமீட்டருக்கு 20 ரிங்கிட்டைத் தாண்டுகிறது, மைவியிலோ 12 ரிங்கிட்தான் ஆகும். சீரான வேகத்தில் பெட்ரோல் இஞ்சின் தன் சிறந்த நிலையில் ஓடும் என்பதால், மின்நிலையம் வரை கணக்குப் பார்த்தால் ஆற்றல் சேமிப்பும் இங்கே சிறுத்துவிடுகிறது. வாரந்தோறும் கோலாலம்பூர் போய்வருபவராக நான் இருந்திருந்தால் இந்தப் பகிர்வு வேறு மாதிரி அமைந்திருக்கும்.

ஐந்தாம் மாதத்தில் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓர் இரவு கார் சார்ஜில் இருக்கும்போது முன்வாசலில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சார்ஜரைப் பொருத்திய குத்தகையாளர், அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்க உதவும் ஐசோலேட்டர் சுவிட்சில் ஒரு திருகைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனை பழுப்பேறி, செம்புக் கம்பியின் உறை உருகிப் பின்னோக்கிச் சுருண்டிருந்தது. சார்ஜர் மணிக்கணக்கில் 32 ஆம்பியர் இழுக்கும் கருவி. தளர்ந்த இணைப்பில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே, விரல் நுனியளவு இடத்தில் நூறு வாட் வெப்பம் உண்டாகும். தொழிற்சாலையில் தினமும் நான் சோதிக்கும் விஷயத்தை வீட்டில் சோதிக்காமல் விட்டது என் தவறும்தான். எனக்குத் தெரிந்த வயர்மேன் அண்ணன் வந்து ஐசோலேட்டரை மாற்றி, தனிப் பிரேக்கரையும் தடித்த கம்பியையும் போட்டுவிட்டு, "மூணு மாசத்துக்கு ஒருக்கா மூடியில கை வச்சுப் பாரு தம்பி, சூடா இருந்தா எனக்கு போன் அடி" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்து வருகிறேன்.

இனி அடுப்புக்கு வருகிறேன். காரில் கிடைத்த மாதிரி இங்கேயும் கிடைக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ஒரே பாத்திரத்தில் 2 லிட்டர் குழாய்த் தண்ணீரை முதலில் இன்டக்‌ஷனில் கொதிக்க வைத்தேன். செருகியில் மாட்டிய சிறு மீட்டர் 0.20 யூனிட் காட்டியது. பிறகு மேசையிலேயே வைத்துச் சமைக்கும் ஸ்டீம்போட்டுக்கு எடுக்கும் கையடக்க கேஸ் அடுப்பில் கொதிக்க வைத்து, கேஸ் குப்பியைச் சமையல் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தேன். 33 கிராம் குறைந்திருந்தது, அதாவது சுமார் 0.42 யூனிட். தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் 0.17 யூனிட்தான். கேஸ் சுடரின் மீதி வெப்பம் பாத்திரத்தின் ஓரமாக ஏறி என் முகத்தையும் சமையலறைச் சுவரையும் சூடாக்கியது.

சமையலறைக்குள் மட்டும் பார்த்தால் இன்டக்‌ஷன் இரண்டு மடங்கு சிக்கனம். ஆனால் மின்நிலையம் வரை கணக்கை நீட்டினால் நிலைமை மாறுகிறது. முன்பு 14 கிலோ சிலிண்டர் எங்களுக்கு இரண்டு மாதம் வரும். மாதம் சுமார் 90 யூனிட் ஆற்றல். இப்போது சமையலுக்கு மாதம் 42 யூனிட் மின்சாரம். அந்த 42 நிலக்கரியிலிருந்து வந்தால் எரிபொருள் கணக்கில் ஏறத்தாழ 113 ஆகிறது, பழைய 90-ஐவிட அதிகம்! பிறை மாதிரி நிலையத்திலிருந்து வந்தால் 75, கொஞ்சம் குறைவு. இரண்டும் கலந்து வரும் இன்றைய நிலையில் அடுப்பை மாற்றியதால் நாட்டுக்கு எரிபொருள் மிச்சமானது என்று என்னால் சொல்ல முடியாது. நிலக்கரி நிலையங்களை 2044-க்குள் முழுவதும் மூடப்போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அடுப்பு அதுவரை உழைத்தால் அப்போது மறுபடியும் கணக்குப் போடலாம்.

பணக் கணக்கிலும் அடுப்பு நட்டம்தான். உதவித்தொகையுடன் வரும் கேஸ் கிலோ 1.90 ரிங்கிட், 14 கிலோ 26.60, அதன்மேல் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி. மாதத்துக்கு 15 ரிங்கிட் போதும். மின்சாரத்துக்கோ, 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி ஆற்றல், கொள்ளளவு, கம்பி வலையம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென், 42 யூனிட்டுக்கு 18 ரிங்கிட்டுக்கு மேல். காரால் எங்கள் மொத்தப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டிவிட்டதால் மாதம் 10 ரிங்கிட் 'ரீடெயில்' கட்டணமும் பில்லில் ஏறுகிறது. காரைப் பொறுத்தவரை, பழைய கட்டணத்தில் 210 யூனிட்டுக்கு 110 ரிங்கிட் போனது, இப்போது 93. பெட்ரோல் 2.05-ஆக இருந்தபோது மாதம் 200 ரிங்கிட் செலவு. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கான விலை 1.99 ஆனதால் அதே கணக்கு 195-ஆக இறங்கியது. உதவித்தொகை இருப்பதால் பெட்ரோலின் உண்மை விலையை நம்மில் பலர் பம்பில் கட்டுவதில்லை. அதனால் வீணாகும் ஆற்றலின் அளவு பணப்பையில் தெரிவதே இல்லை. சாலை வரி விலக்கும் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

அப்படியிருந்தும் அடுப்பைத் திருப்பிக் கொடுக்க என் மனைவி சம்மதிக்கமாட்டார். மதியம் குழம்பு வைக்கும்போது விசிறி இல்லாமல் நிற்க முடிகிறது. சுவரில் எண்ணெய்ப் புகை படிவது குறைந்திருக்கிறது. இரும்புத் தோசைக்கல் அப்படியே பொருந்தியது, சூடு ஓரம் வரை பரவக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அலுமினியச் சட்டிகளும் பித்தளைப் பாத்திரங்களும் அதில் சூடாகவே சூடாகா. அடிவளைந்த இருப்புச் சட்டி ஆடிக்கொண்டு நின்றது. "கத்திரிக்காய எதுலப்பா சுடுறது?" என்று அம்மா கேட்ட ஒரு கேள்விக்காகவே பின்கட்டில் ஒற்றை கேஸ் அடுப்பை விட்டுவைத்தோம். கத்திரிக்காய் சுட, அப்பளம் வாட்ட, பொங்கலுக்குப் பானை வைக்க அது போதும். அந்த சிலிண்டர் பத்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கார் பேட்டரியில் குறை தெரியவில்லை. நகர ஓட்டத்தில் முழு சார்ஜுக்கு 300 கிலோமீட்டர் இன்னும் கிடைக்கிறது. இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி என்பதால் வாரம் ஒருமுறை நூறு விழுக்காடு வரை ஏற்றுகிறேன். பிரேக் பட்டைகள் புதிதுபோல் இருக்கின்றன. டயர்தான் சீக்கிரம் தேய்ந்தது. 34,000 கிலோமீட்டரில் நான்கையும் மாற்றினேன்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மாமா தம் பத்து வயது காரை விற்று மின்கார் வாங்கலாமா என்று கேட்டார். பணி ஓய்வு பெற்றவர். பசார், கோயில், கிளினிக் என்று மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டமாட்டார். குறிப்பேட்டைக் காட்டினேன். இவ்வளவு குறைந்த ஓட்டத்தில், புதிய பேட்டரியைச் செய்யப் போன ஆற்றலை ஈடுகட்டவே பல வருடம் ஆகும், இருக்கும் வண்டியையே நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எங்கள் வண்டியில் வர இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.