செவுளா, நுரையீரலா: வற்றும் கண்மாயில் ஒரு கணக்கு

காரைக்குடிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு சனம் சேற்றில் இறங்கிவிடும். போன தடவை எங்கள் சாக்குப்பைக்கு நாலு கெண்டையும் ஒரு விராலும் வந்தன. வீடு வந்து சேர்வதற்குள் கெண்டைகள் நாலும் அடங்கிவிட்டன. விரால் மட்டும் வாசல்வரை சாக்கை உதைத்துக்கொண்டே வந்தது. ஒரே தண்ணீரில் வளர்ந்தவைதான், மூச்சு வாங்கும் கருவிதான் வேறு.

கருவியின் திறமையை மட்டும் பார்த்தால் கெண்டைக்கே முதல் மார்க் போடவேண்டும். செவுளுக்குள் ரத்தம் ஒரு பக்கம் ஓட, தண்ணீர் அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. வெறுங்கையோடு வரும் ரத்தம் முதலில் சந்திப்பது ஏற்கெனவே பாதியைப் பறிகொடுத்த தண்ணீரை. போகப் போகப் புதுத் தண்ணீர் எதிர்ப்படும். இதனால் வழி நெடுகத் தண்ணீரின் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும், ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் ஒரு மீன் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம்வரை உறிஞ்சிவிடும். நாம் 21 சதவீத ஆக்சிஜனை இழுத்து, ஏறக்குறைய 16 சதவீதத்தை அப்படியே வெளியே விடுகிறோம்.

ஆனால் இந்தச் சாமர்த்தியம் ஏழை வீட்டுச் சிக்கனம். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ சுமார் 270 மில்லிகிராம். போதாக்குறைக்குத் தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அதை வாய்வழியே தள்ளுவதற்கே தெம்பு வேண்டும். சித்திரையில் இலைதழை அழுகும் கண்மாயில் அந்த ஏழரையும் இருக்காது. ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சு வாங்குவதால், விடிகாலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். சரி, வெளியேதான் இவ்வளவு காற்று இருக்கிறதே என்றால், தண்ணீரின் தாங்கல் போனதும் செவுள் இழைகள் நனைந்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கடலளவு காற்றுக்கு நடுவில் மூச்சு முட்டல்.

விரால் இங்கேதான் முந்துகிறது. தலைக்குள், செவுளுக்கு மேலே அதற்கு ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். செவுள் சிறுத்துவிட்டதால் மேலே வரவிடாமல் வலையில் அமுக்கி வைத்தால் மீனே தண்ணீரில் மூழ்கிச் சாகும்! ஆனாலும் அந்தச் செவுள் வீண் இல்லை. கரியமில வாயு தண்ணீரில் சுலபமாகக் கரையும், அதனால் கழிவைச் செவுள்வழி தண்ணீரில் விட்டுவிடுகிறது. வரவு காற்றிலிருந்து, செலவு தண்ணீருக்கு. எனக்கு இந்த ஏற்பாடுதான் ரொம்பப் பிடித்தது. பனையேறிக் கெண்டையும் பேரில்தான் கெண்டை, மூச்சில் விராலின் கட்சி. தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதியது 1797இல் அச்சானது. ஏறியதோ இல்லையோ, ஈரத்தரையில் அது நகர்ந்து போவது நிஜம்.

நம் நுரையீரல் ஒற்றைக் கதவு வைத்த அறை. உள்ளே வந்த வழியிலேயே காற்று வெளியேற வேண்டும், எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் பழைய காற்று தங்கிவிடும். பறவையின் நுரையீரலோ செட்டிநாட்டு வீடு. முன்வாசலில் நின்றால் முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெரியுமே, அப்படி. முன்னும் பின்னுமாகக் காற்றுப்பைகள் துருத்திபோல வேலை செய்ய, நடுவிலுள்ள நுரையீரலில் காற்று ஒரே திசையில் கடந்து போகும். வரித்தலை வாத்து 7,000 மீட்டருக்கு மேலே பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் நாரைகளுக்கும் இதே அமைப்புதான். அவற்றுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காற்றை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் பறவைக்குத்தான் பரிசு, நமக்கு ஆறுதல் பரிசு.

பூச்சி தனி ரகம். உடம்பின் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து கிளம்பும் நுண்குழல்கள் நேரே செல்வரை போய்விடும், ரத்தத்துக்கு இந்த வேலையே இல்லை. கரப்பான் தலை போனாலும் சில நாள் கிடப்பதற்கு இதுவும் காரணம். ஆனால் உடம்பு பெருத்தால் குழல் கட்டுப்படியாகாது. மண்புழுவின் தோல் மூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் காய்ந்தால் கதை முடிந்தது, எங்கள் ஊர் வெயிலுக்கு அது நஷ்டக் கணக்கு.

அன்றைக்கு விராலைப் பெரிய பானையில் விட்டு, தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன். துள்ளி வெளியே விழாமலிருக்கத் தட்டால் மூடி அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைக்கப் போனபோது அப்பத்தா கத்தினார்: “ஏண்டா, பாதித் தண்ணியை மொண்டு ஊத்து. அது எங்கிட்டு வந்து மூச்சு வாங்கும்?”