முதல் ரவுட்டர்: டிரிம்மரா, பிளஞ்சா?

ரவுட்டர் என்பது வேகமாகச் சுழலும் பிட்டால் (வெட்டும் முனையால்) மரத்தில் விளிம்பும் பள்ளமும் செதுக்கும் மெஷின். நாகர்கோவில், தக்கலை பக்கம் மரவேலைப் பட்டறை போடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: ஒரு கையில் அடங்கும் டிரிம்மரா, இரு கைப்பிடி வைத்து, பிட்டை மேலிருந்து மரத்துக்குள் அழுத்தி இறக்கும் பிளஞ்ச் ரவுட்டரா?

பிட் தண்டின் தடிமன்: டிரிம்மருக்கு 6 மி.மீ. அல்லது கால் இஞ்ச். பிளஞ்சுக்குப் பெரும்பாலும் 12 மி.மீ. அல்லது அரை இஞ்ச். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. அந்த அளவுக் காலட்டில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தில்) 6 மி.மீ. பிட்டைப் போட்டால் இறுகியதுபோல்தான் தெரியும்; ஓடும்போது நழுவி இறங்கும், தெறிக்கவும் செய்யும். எந்த மெஷினானாலும் பிட்டை அடிவரை நுழைத்து, 2 மி.மீ. மேலே இழுத்தபின் இறுக்குங்கள்.

வேகம்: டிரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடும்; அகலமான பிட் அதில் கூடவே கூடாது. வேகம் குறைக்கும் வசதியுள்ள பிளஞ்சில் 50 மி.மீ. பிட்டை 12,000 சுற்றுக்குள் ஓட்டலாம்.

ஆழம்: அயனி, தேக்கு மரங்களில் டிரிம்மருக்கு ஒரு ஓட்டத்தில் 2–3 மி.மீ.; பிளஞ்சுக்கு 5–6. பேராசைப்பட்டு 10 எடுத்தால் மோட்டார் திணறும், மரம் கருகும், மெஷின் துள்ளும்.

பிடி: டிரிம்மர் இலகு என்பதால் மறுகையால் பலகையைப் பிடிக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம், கிளாம்ப் போடுங்கள்.

தள்ளும் திசை இரண்டுக்கும் ஒன்றே: வெளி விளிம்பில் கடிகாரத்துக்கு எதிராக, உள் துளையில் கடிகாரத் திசையில். மாற்றித் தள்ளினால் மெஷின் தானாக ஓடப் பார்க்கும்.

மைக்கா ஓரம், கீல் குழி, விளிம்பு உருட்டல் மட்டும் என்றால் டிரிம்மர் போதும். கதவு நிலை, பூட்டுக் குழி, ஆழமான பள்ளம் என்றால் பிளஞ்ச்தான். பிட் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்.