வீட்டிலேயே படித்த மகள்: இங்கிலாந்தில் எங்கள் மூன்றாண்டு அனுபவம்

ஈரோட்டிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்தபோது மகளுக்கு 12 வயது. ஓராண்டு பள்ளிக்குப் போனாள். சீருடை போட்டதும் வயிற்றுவலி வரும். சனி, ஞாயிறுகளில் வராது. மூன்று வாரமாக வகுப்பில் யாருடனும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று ஓர் இரவு சொன்னாள். அன்றைக்குத்தான் வீட்டிலேயே படிக்கவைக்க முடிவெடுத்தோம். இப்போது அவளுக்கு 17 வயது, கல்லூரிக்குப் போகிறாள். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

“சட்டம் விடுமா அம்மணி?” என்றுதான் என் மாமனார் முதலில் கேட்டார். இங்கிலாந்தில் விடும். பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பள்ளிக்கு அனுப்பியோ வேறு வழியிலோ பெற்றோர் கொடுக்க வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. அந்த ‘வேறு வழி’தான் நம் வழி. மகள் சாதாரணப் பள்ளியில் படித்ததால், பெயரை நீக்கச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு எழுதிய ஒரு கடிதமே எங்களுக்குப் போதுமாக இருந்தது. உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிலிருந்து விசாரித்தார்கள், என்ன படிக்கிறாள், எப்படிப் படிக்கிறாள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினோம். ஜெர்மனியில் இருப்பவர்கள் இந்த வழியை நினைக்கவே முடியாது. அங்கே பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம்.

பெயரை நீக்கிய நாளிலிருந்து எல்லாச் செலவும் நம்முடையது. நான் வேலையை விட்டேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரும் இறங்க வேண்டாம்.

நம் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போல இங்கே ஜி.சி.எஸ்.இ. எழுதுவார்கள். அதில் எட்ஜெக்ஸெல் என்ற தேர்வு வாரியத்தின் சர்வதேச ஜி.சி.எஸ்.இ. தேர்வுகளைத் தேர்ந்தெடுத்தோம். அறிவியலுக்குத் தனிச் செய்முறைத் தேர்வு இல்லை. செய்முறை பற்றிய கேள்விகள் எழுத்துத் தாளிலேயே வந்துவிடும். தனித்தேர்வர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் செய்து பார்க்காத வேதியியல் மனதில் நிற்காது. ஒரு நாள் சமையலறையில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, சோப்புத் தண்ணீரை விட்டாள். சிவந்தது. எலுமிச்சை பிழிந்தாள், மறுபடி மஞ்சளானது. கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அம்மா, ஆரத்தித் தட்டில் பாட்டி சுண்ணாம்பு போடுவது இதற்காகத்தானா?” என்றாள். காரத்தில் நிறம் மாறுவதை அவளுக்கு நான் இரண்டாம் முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஆண்டு நான் செய்த தவறு, வீட்டைப் பள்ளியாக்கியது. ஒன்பது மணிக்கு வகுப்பு, கையில் சிவப்புப் பேனா, மாலையில் கண்ணீர். மதிப்பெண்ணுக்காகச் சண்டை போட்டுவிட்டு, இரவு இருவரும் பேசாமல் தோசை சாப்பிட்ட நாட்கள் உண்டு. ஒரு நாள், “விடைக்குறிப்பை என்னிடமே கொடுத்துவிடுங்கள் அம்மா” என்றாள். பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. எனக்கு மனமில்லை, ஆனாலும் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் திருத்திய கணக்குத் தாளைப் பார்த்தேன். நான் இரண்டு மதிப்பெண் போட்டிருக்கக்கூடிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருந்தாள். ஓரத்தில் ‘அலகு எழுதவில்லை’ என்று குறிப்பு வேறு. அதன் பிறகு பாட அட்டவணையும் அவளுடையதானது. வளர்ந்த பிள்ளையை வீட்டில் படிக்கவைப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

பாடத்தைவிட எங்களை அலைக்கழித்தது தேர்வு எழுத இடம் தேடியதுதான். பக்கத்துப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வெளியாட்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். அடுத்து விசாரித்த மையத்தில் டிசம்பரிலேயே இடம் நிறைந்திருந்தது. கடைசியில் ஒன்றரை மணிநேர ரயில் பயணத்தில் ஒரு மையம் கிடைத்தது. ஒரு பாடத்துக்கு இரண்டு தாள் என்பதால் ஐந்து பாடத்துக்குப் பத்துப் பயணம். பாடத்துக்கு ஏறக்குறைய 200 பவுண்டு கட்டணம், ரயில் டிக்கெட் தனி. ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை என்பதால் கணக்கை 14 வயதிலும், உயிரியலையும் வேதியியலையும் 15-இலும், இயற்பியலையும் ஆங்கிலத்தையும் 16-இலும் முடித்தாள். கோடைத் தேர்வுக்கு முந்தைய செப்டம்பரிலேயே மையத்தை உறுதிசெய்துவிடுங்கள். புத்தகம் வாங்குவதைக்கூட அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தனிமையை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வாரம் ஒருமுறை பூங்காவில் கூடுவார்கள்; பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள். 14 வயதுப் பெண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. நூலகத்தில் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். அதுவரை கழிந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. சேர்ந்த நான்காம் வாரம், யாரும் சொல்லாமலே மதியச் சாப்பாட்டை மூன்று பேருக்குக் கட்டித் தரச் சொன்னாள். தேங்காய் சாதம் கட்டிக் கொடுத்தேன்.

ஐந்து பாடங்களிலும் தேவையான தரம் வந்தது. நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்ற படிப்புக்கான சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியின் நேர்காணலில் பள்ளியை ஏன் விட்டாள் என்று கேட்டார்கள். அவளே பதில் சொன்னாள், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அங்கே கல்விக் கட்டணம் இல்லை.

மகனுக்கும் இதையே செய்வீர்களா என்று ஊரில் கேட்கிறார்கள். அவனுக்கு ஒன்பது வயது. காலையில் எனக்கு முன்பே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவன் பள்ளிக்கே போகட்டும்.