சுங்கை சிப்புட்டில் எச்.ஐ.வி. ரேபிட் டெஸ்ட் எடுக்க ஒரு நல்ல கிளினிக்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் எச்.ஐ.வி. ரேபிட் டெஸ்ட் (விரலில் குத்தி அங்கேயே கொஞ்ச நேரத்தில் முடிவு சொல்லும் சோதனை) எடுக்க வேண்டும் என்றால், கடை வரிசையில் மாடியில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்கு நம்பிப் போகலாம். பெயரை இங்கே போடவில்லை. சின்ன ஊர், பெயரைப் போட்டால் நாளைக்குக் காய்ச்சல் என்று அந்தப் படி ஏறுகிறவரைக்கூட ஒரு மாதிரி பார்ப்பார்கள். தேவைப்படுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.

என் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். அவனும் பெண்ணும் பேசி, இரண்டு பேருமே டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டில் முஸ்லிம்களுக்குக் கல்யாணத்துக்கு முன் இது கட்டாயம், நமக்கு இல்லை, அதனால் நாமாகத்தான் போக வேண்டும். நானும் கூடப் போய் எடுத்துக்கொண்டேன்.

எங்கே போவது என்று இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் போன வருடம் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு இலவச எச்.ஐ.வி. டெஸ்ட் முகாம். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, செம்பனை வேலை முடிந்து வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துக் குத்தினார்கள். நோக்கம் நல்ல நோக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிட் பெட்டிகள் காலையிலிருந்து வெயிலில் நின்ற வேனுக்குள்ளேயே கிடந்தன. மதியம் மூடிய வேனுக்குள் எவ்வளவு சூடு என்று நமக்குத் தெரியாதா? இந்த வகை கிட்டுகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும். டைமர் கிடையாது. ரத்தம் விட்ட கேசட்டுகளை (கோடு தெரியும் பட்டை உள்ள பிளாஸ்டிக் துண்டுகளை) மேசையில் அடுக்கிவிட்டு, சாப்பிட்டு வந்து மொத்தமாகப் படித்தார்கள். நேரம் கடந்து காய்ந்துபோன பட்டையில் இல்லாத கோடும் இருப்பது போல் தெரியும்.

அன்றைக்கு என் சித்தப்பா மகளிடம், பத்து பேர் நிற்கும்போது, "பாசிட்டிவ் மாதிரி இருக்கு, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஈப்போவில் லேப் டெஸ்ட்டில் நெகட்டிவ். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்ததிலும் நெகட்டிவ். அந்த இடைப்பட்ட நாட்களில் அவள் வீட்டில் நடந்ததையெல்லாம் எழுத மனம் வரவில்லை. புருஷன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான், அதை மட்டும் சொல்கிறேன். இதைவிடப் பயமான இன்னொன்று இருக்கிறது. அன்று "நெகட்டிவ்" என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் யாருக்காவது சூட்டில் கெட்ட கிட்டால் தப்பாக வந்திருந்தால், அது யாருக்கும் தெரியவே வராது. திரும்பப் போய்ப் பார்க்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

சரி, இந்த கிளினிக்.

மிஸ்ஸி, அதாவது அங்கே இருக்கும் நர்ஸ், தமிழ்தான். ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். அலுமினிய உறையை என்னிடம் காட்டி எக்ஸ்பைரி தேதியைப் படிக்கச் சொன்னார், அதன் பிறகுதான் கிழித்தார். கேசட்டில் மார்க்கர் பேனாவால் என் நம்பரை எழுதினார், பெயரை எழுதவில்லை. விரலில் ஸ்பிரிட் தடவி, அது காயும் வரை காத்திருந்தார். குத்தியதும் வந்த முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த துளியைத்தான் குழாயில் எடுத்தார். குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்துவிட்டது. "அளவு குறைஞ்சிடும் அக்கா" என்று அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு குழாய் எடுத்தார். ரத்தத்தோடு சேர்த்து விடும் திரவமான பஃபர் பாட்டிலை நேராகப் பிடித்துச் சொட்டுகளை எண்ணி விட்டார், உடனே டைமரைத் தட்டினார். மூன்று கேசட்டுக்கு மூன்று டைமர், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது.

காத்திருக்கும்போது, இந்த கிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சில இடங்களில் இப்படிக் கேட்டால் முகம் மாறும். இவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னால் விரித்தார்.

நம்மில் நிறையப் பேர், 'சி' என்ற இடத்தில் கோடு வந்தால் டெஸ்ட் சரியாக நடந்தது என்று நினைக்கிறோம். கோவிட் காலத்தில் ஆளாளுக்கு வீட்டில் கிட் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம் இல்லையா, அந்தப் பழக்கம். ஆனால் அந்தக் கோடு சொல்வது, திரவம் பட்டையில் ஏறி வந்தது, பட்டையில் உள்ள சாயம் வேலை செய்தது என்பதைத்தான். பல கிட்டுகளில் ரத்தமே விடாமல் பஃபரை மட்டும் விட்டாலும் 'சி' கோடு வந்துவிடும். ரத்தம் போதுமான அளவு விழுந்ததா, எச்.ஐ.வி. இருக்கிற ரத்தத்தை இந்தப் பெட்டியில் உள்ள கிட் உண்மையிலேயே பிடிக்குமா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் வெளியிலிருந்து கண்ட்ரோல் வைத்துப் பார்க்கிறார்கள்: பாசிட்டிவ் என்று உறுதியான ஒரு மாதிரி, நெகட்டிவ் என்று உறுதியான ஒரு மாதிரி, இரண்டையும் நம் ரத்தத்தை எப்படிச் சோதிப்பார்களோ அதே போல் சோதித்து, வர வேண்டியது வருகிறதா என்று பார்ப்பது. புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த கிட்டுகளின் தொகுதி) வந்தால், அதே லாட்டாக இருந்தாலும் புதுப் பெட்டிகள் வந்து இறங்கினால், புது மிஸ்ஸி வேலைக்குச் சேர்ந்தால், அறைச் சூடு எல்லை தாண்டினால், அப்புறம் வாராவாரம் என்று இங்கே செய்கிறார்கள். கண்ட்ரோல் குப்பிகள் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கின்றன, திறந்த தேதி மேலே எழுதியிருக்கிறது.

ரெஜிஸ்டரில் காலையும் மாலையும் அறைச் சூடு, லாட் நம்பர், கண்ட்ரோல் ரிசல்ட், செய்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. நீண்ட விடுமுறையில் ஏர்கான் நின்றுபோய், திறந்த அன்று தெர்மாமீட்டரில் பதிவாகியிருந்த உச்சம் 36 டிகிரி. யாருக்கும் டெஸ்ட் எடுக்காமல் முதலில் கண்ட்ரோல் வைத்திருக்கிறார்கள். பாசிட்டிவ் மாதிரியில் கோடு வந்திருக்கிறது, ஆனால் வழக்கத்தைவிட மங்கல். அந்தப் பெட்டிகள் மொத்தத்தையும் ஒதுக்கி சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியதாகக் கீழே எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கண்ட்ரோல் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று காட்டும் ரெஜிஸ்டரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இந்தச் சிவப்புப் பக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

டைமர் அடித்ததும் மிஸ்ஸி படித்து எழுதினார். பிறகு டாக்டர் வந்து, அவர் எழுதியதைப் பார்க்காமல் தனியாகப் படித்தார். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். மங்கலாகக் கோடு வந்தாலும் அது கோடுதான், இல்லை என்று ஒதுக்கக் கூடாது என்றார் டாக்டர். அதே நேரத்தில் ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து யாரிடமும் உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லவும் மாட்டாராம், வேறு டெஸ்ட்டுகளுக்கு லேபுக்கு ரத்தம் அனுப்புவாராம். உலக சுகாதார நிறுவனமும் 2019-லிருந்து, தொடர்ந்து மூன்று டெஸ்ட் ரியாக்டிவ் ஆனால்தான், அதாவது மூன்றிலும் பாசிட்டிவ் காட்டினால்தான், உறுதி செய்யச் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே எச்.ஐ.வி. இருக்கும் ஒரு கூட்டத்தில், நோய் இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும் கிட்டை வைத்துச் சோதித்தால், ஒன்றுமே இல்லாத ஐந்து பேருக்கும் கோடு வரும். ஆறு கோட்டில் ஒன்றுதான் உண்மை. கிட் நல்ல கிட்டாக இருந்தாலும் இதுதான் நிலைமை, வேனில் வெந்த கிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் இப்போது வரும் நெகட்டிவை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்பதையும் கேட்காமலே சொன்னார்கள். ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருள்) மட்டும் பார்க்கும் கிட்டுக்கு அவ்வளவு நாள் தேவை.

பார்மசியில் கிட் வாங்கி வீட்டிலேயே பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள், 2012-ஆம் வருடச் சட்டப்படி பதிவு வேண்டும், இணையத்தில் தேடலாம். வாயில் தடவிப் பார்க்கும் ஓராகுயிக் என்றால் 20 நிமிடத்துக்கு முன்னாலும் படிக்கக் கூடாது, 40 நிமிடத்துக்குப் பிறகும் படிக்கக் கூடாது. அமெரிக்காவில் 2012-ல் அதற்கு அனுமதி கொடுத்தபோது, சாதாரண ஆட்கள் தாங்களே செய்து பார்த்த சோதனையில் நோய் உள்ளவர்களில் சுமார் 92 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. வாங்கி காரில் வைத்துவிட்டுப் பசார் மாலாம் (இரவுச் சந்தை) சுற்றப் போகாதீர்கள்.

இந்த கிளினிக்கில் குறைகளும் இருக்கின்றன. கையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் அடித்து வைப்பது பெரிய செலவா? ரேபிட் டெஸ்ட்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), நாள் கூலிக்காரருக்கு இது அதிகம். இன்னொன்று, வெளியிலிருந்து விடை தெரியாத மாதிரிகளை அனுப்பி மிஸ்ஸியைச் சோதிக்கும் திட்டத்தில் இவர்கள் இல்லை. பச்சைச் சாயம் கலந்து குழாயில் காயவைத்த மாதிரிகள் இருக்கின்றன, ஃப்ரிட்ஜ் இல்லாமலே தபாலில் வரும், கரைத்து டெஸ்ட் செய்து ரிசல்ட்டைத் திருப்பி அனுப்பினால் தேறினோமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் கேட்டேன், பார்க்கிறேன் என்றார். செய்ய வேண்டும். 1998-லிருந்து அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து எடுத்துத்தான், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-ல் மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எத்தனையோ மிஸ்ஸிமார் விரல் விரலாகக் குத்தி, ஒழுங்காகச் செய்ததால் கிடைத்தது அது. தனியார் கிளினிக்கும் அந்த அளவுக்கு வரட்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், சம்பள வாரம் என்றால் படி வரை கூட்டம் நிற்கும். வாரநாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் மிஸ்ஸிக்கும் பேச நேரம் இருக்கும், ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்.