நோ மெர்சியா, ஹியர் கம்ஸ் தி பெய்னா?

பழைய மல்யுத்த கேம் ஆட ஆசை வந்தால் கடைசியில் இந்த இரண்டில்தான் மனசு ஊசலாடும்.

வயது: நோ மெர்சி 2000, நின்டெண்டோ 64 கேம் கன்சோலில். பெய்ன் (ஹியர் கம்ஸ் தி பெய்ன்) 2003, பிளேஸ்டேஷன் 2 கன்சோலில்.

பிடி: இங்கேதான் அசல் வித்தியாசம். நோ மெர்சியில் பட்டனைத் தட்டினால் லேசான பிடி, அழுத்திப் பிடித்தால் வலுவான பிடி. ஆட்டம் நிதானமாகச் சூடேறும். தோற்கிற நிலையிலிருந்து மீண்டு ஜெயிப்பதில் தனி போதை. பெய்ன் ஒரே ஓட்டம். தலை, கை, கால் என எங்கே அடி விழுந்தது என்பதைத் தனித்தனியாகக் காட்டும். பல வீரர்கள் ஒன்றாக மோதும் எலிமினேஷன் சேம்பர் கூண்டும் உண்டு.

கதை: நோ மெர்சியில் தோற்றாலும் கதை வேறு கிளையில் நகரும். அதை இன்றும் மெச்சலாம்.

நான்கு பேர்: நின்டெண்டோவில் நான்கு கன்ட்ரோலர்களையும் நேராகச் செருகலாம், ஆனால் திரை திணறும். பிளேஸ்டேஷனுக்கு, கூடுதல் கன்ட்ரோலர்களை இணைக்கும் மல்டிடேப் வேண்டும்.

எச்சரிக்கை: நோ மெர்சியின் ஆரம்பக் கார்ட்ரிட்ஜ்களில் (கன்சோலில் செருகும் கேம் பெட்டிகளில்) சேமித்ததெல்லாம் தானாக அழியும் கோளாறு உண்டு. வாங்குமுன் சோதியுங்கள்.

நண்பர்களோடு பொறுமையாக மோத நோ மெர்சி. மல்யுத்த வீரர் பிராக் லெஸ்னரை வைத்து அரை மணி நேரம் அதிரடி காட்ட பெய்ன். என் ஓட்டு முதலாவதுக்கே.